ஊசித்துளைக்கு முன்னால் ஒரு சோபா

1

இந்தக் கதை கால்வாசி திருட்டு. போன மார்கழியில், ரொறன்ரோவில் எங்கள் ஸ்காபரோ கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தேன். அங்கே ஒருவர் வாஷிங் மெஷினுக்கு மேலே பழைய பிலிம் கமெரா ஒன்றை வைத்து, லென்ஸ் இருந்த ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்ன இது என்று கேட்டேன். படம் எடுக்கத்தான் என்றார். அதற்குள் என் மெஷின் நின்றுவிட்டது. மிச்சம் முக்கால்வாசியும் என் புளுகு.

பத்திரிகை நடத்தும் நண்பர் ஊர்த்துயரமாக ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார். மன்னிக்க வேண்டும் நண்பரே, கமெராதான் வந்தது.

2

"பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, தனிமையின்…"

வேண்டாம். ரொறன்ரோவில் கதை எழுதுகிற எல்லோருக்கும் முதல் வரியிலேயே பனி கொட்டிவிடுகிறது.

"ஸ்ரீஸ்கந்தராசா என்ற இளைஞன்…" (இந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதக் கை உளைகிறது. சச்சிதானந்தன் என்று மாற்றுகிறேன். அதுவும் நீளம்தான், ஆனால் சச்சி என்று சுருக்கலாம்.)

சச்சிக்குப் பாண் சுடும் பக்டரியில் வேலை. சீமோன் என்பவனின் அப்பார்ட்மென்டில், ஹோலில் ஒரு மெத்தை போட்டு வாடகைக்கு இருக்கிறான். சீமோனின் தங்கை அன்ரனெற்றும் அதே வீடுதான். தையல் பக்டரிக்குப் போகிறாள். அவர்கள் வேதக்காரர், இவன் சைவம். மூன்று பேருக்கும் சமைக்க ஒரே குசினி. சச்சிக்கும் அன்ரனெற்றுக்கும் எப்படித் தொடங்கியது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சீமோன் பாரிசில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணையோடு நீங்கள்தான் கதைக்க வேண்டும் என்று அன்ரனெற் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள். சச்சி நாளைக்கு நாளைக்கு என்கிறான்.

3

சச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த கமெராவின் லென்ஸ் கென்னடி ஸ்டேஷன் படிகளில் உருண்டு சிதறிப்போனது. லென்ஸ் இல்லாமலும் படம் பிடிக்கலாம் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் கண்டான். சோடாப் பேணியில் ஒரு துண்டுத் தகரம் வெட்டி, நடுவில் ஊசியால் துளைத்து, லென்ஸ் இருந்த இடத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டினால் போதுமாம். அவன் போட்ட முதல் துளைக்குள் கடலை போகும். அன்ரனெற் வேறொரு தகரத்தை எடுத்து, தன்னுடைய மெல்லிய ஊசியின் நுனியை மட்டும் இறக்கி, பிசிறைத் தேய்த்துக் கொடுத்தாள்.

ஒரு வாசகர் கை தூக்குகிறார். புதுக் கமெரா வாங்கினால் என்ன? வாங்கலாம்.*

* வாங்கினால் கண் இமைப்பதற்குள் படம் முடிந்துவிடும். ஊசித்துளையால் வெளிச்சம் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் வரும். யன்னலோரம் இருந்தாலும் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். நம்மவர் வீட்டில் கலியாணமாகாத இரண்டு பேர் ஒரே சோபாவில் அவ்வளவு நேரம் இருக்க வேறு என்ன சாட்டு உண்டு? புத்தகம் ஐந்து நிமிடம் என்றது. சச்சி அவளிடம் பத்து என்றான். எனக்கு இவனைப் பிடிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

4

சீமோன் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போயிருந்தான். அன்று வேலை குறைவென்று நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். படம் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

பெரியவர் உள்ளே வந்தால் எழும்பு என்று வளர்க்கப்பட்டவன் சச்சி. எழும்பினான். கால்கள் அவனைக் கேட்கவேயில்லை. என்ன நடக்குது என்று சீமோன் கேட்டான்.

"ஒண்டுமில்லை அண்ணை. கமெரா வேலை செய்யுதோ எண்டு பாக்கிறம்."

அன்ரனெற் அசையவில்லை. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடம்.

கடையில் கழுவி வந்த படத்தில் சோபா இருந்தது, யன்னல் சீலை இருந்தது, அன்ரனெற் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சோபாவின் பூக்கள் ஊடாகத் தெரிய, புகைமாதிரி ஏதோ ஒன்று.

[இங்கே "அவள் மனம் உடைந்தது" என்று எழுதி வெட்டியிருக்கிறேன். அவளுக்கு வந்தது கோபம். எனக்கும்தான்.]

"நான் இருக்கிறன். உங்களைத்தான் காணேல்லை," என்றாள். பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தாள். "வாற சனிக்கிழமை, அண்ணை வேலையால வாற நேரமாப் பாத்து இன்னொருக்கா இருப்பம். என்னெண்டு கேப்பார். இருந்தபடி சொல்லுங்கோ. எழும்பினியள் எண்டால், நான் பாரிசுக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்."

5

முடிவு அ: சச்சி இருந்தபடியே சொல்கிறான். சீமோன் அவனைக் கட்டித் தழுவுகிறான். (இப்படி ஒரு தமையனை நான் ரொறன்ரோவில் இன்னும் சந்திக்கவில்லை.)

முடிவு ஆ: சச்சி எழும்பி நின்று, மரியாதையாக, தெளிவாகச் சொல்கிறான். இது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. எழும்பினால் என்ன குறைந்துவிடும் என்று அன்ரனெற்றிடம் கேட்டுப் பார்த்தேன். அவள் என் பக்கமும் திரும்பவில்லை.

முடிவு இ: கமெராவுக்குள் பிலிம் போட மறந்துவி… சீ.

6

சனிக்கிழமை. துளை திறந்திருக்கிறது. இரண்டு பேரும் சோபாவில். சீமோன் உள்ளே வந்து, குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தபடி, திரும்பவும் என்ன நடக்குது என்று கேட்கிறான்.

சச்சியின் முழங்கால் எழும்பப் பார்க்கிறது. "சச்சி எழு" வரைக்கும் நானும் எழுதிவிட்டேன். என் பேனையும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்ததுதான்.

அப்போது நான் எழுதாத ஒன்று நடந்தது. அன்ரனெற் அசைந்தாள். தன் கையை எடுத்து அவன் முழங்காலில் வைத்து அழுத்தினாள். படத்தில் அந்தக் கை கலங்கித்தான் விழும். அது தெரிந்துதான் வைத்தாள்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பயமாகவும் இருக்கிறது. சீமோன் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டான். மற்றதையும் கழற்றி நிமிர்வதற்குள் சச்சி என்ன சொல்கிறான் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.