பழைய போர்டுக்குப் புதுப் புரொசசர்

அஸீமாவுக்குத் தலை கிறுகிறுத்தது. மேசையில் தீப்பெட்டி அளவில் ஒரு புதுப் புரொசசர், கட்டாரில் இருக்கும் கணவன் றிஷாட் ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. பக்கத்தில் அதைப் போட வேண்டிய கம்பியூட்டர், மூடி கழற்றிய நிலையில். அப்படியே தூக்கிப் போடலாமா, இல்லை மதர்போர்டை எழுப்பிவிடும் பயோஸ் என்ற மென்பொருளை முதலில் புதுப்பிக்க வேண்டுமா?

கேள்வி சின்னதுதான். பதில் சொன்னவர்கள்தான் அவளைப் படுத்தி எடுத்தார்கள். றிஷாட்டுக்கு விற்றவன், "சும்மா போட்டாச் சரி" என்றானாம். யூடியூப்பில் ஒருவன், பயோஸ் பழசென்றால் போர்ட் புதுப் புரொசசரை அடையாளமே காணாது, திரை இருண்டுதான் கிடக்கும் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னான். போர்ட் கம்பனியின் தளத்தைப் பார்த்தால், அவளுடைய போர்டின் பெயரிலேயே மூன்று போர்டுகள், வால் எண் மட்டும் வேறு வேறு. ஒன்றுக்குப் புதுப்பிக்க வேண்டும், ஒன்றுக்குத் தேவையில்லை, மூன்றாவதில் அந்தப் புரொசசரின் பெயரையே காணோம். அவளுடைய போர்டில் வால் எண் இருந்த இடத்தில் எந்தப் புண்ணியவானோ உத்தரவாத ஸ்டிக்கரை ஒட்டித் தொலைத்திருந்தான். உரித்தபோது எண்ணும் சேர்ந்து வந்துவிட்டது.

காத்தான்குடியில் கம்பியூட்டர் திருத்தும் பஸ்லானுக்குப் போன் எடுத்தாள்.

"போட்டுப் பாருங்க ராத்தா. வேல செஞ்சா அப்டேட் தேவல்ல. வேல செய்யாட்டி தேவ."

"இதச் செல்லவா நீங்க கடை வெச்சிரிக்கீங்க?" அஸீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேல செய்யாட்டி என்ன செய்யிற?"

"பழசத் திரும்பப் போட்டு, பயோஸ அப்டேட் பண்ணிட்டு, பொறகு புதுசப் போடணும்."

"அப்ப முதல்லயே அப்டேட் பண்ணுறன்."

"பண்ணலாம். நடுவுல கரண்ட் போச்செண்டா போர்ட் மௌத்து, பொறகு உசிர் வராது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

வெளியே மழை. காலையிலிருந்து கரண்ட் வருவதும் போவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. போட்டாலும் பயம், போடாவிட்டாலும் பயம்.

வேறு நேரமென்றால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுப் போய்ச் சோறாக்கியிருப்பாள். இது அவள் எடுத்து, இன்றைக்கே முடித்துக் கொடுக்க வேண்டிய கலியாண வீடியோ; ஸகியாவின் மகள் றுக்ஷானாவுடையது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஸகியாவுக்குக் கலியாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வந்தாள், நாளைக்குத் திரும்பவும் போகிறாள். பழைய புரொசசரை நம்பினால் வீடியோ அடுத்த கிழமைதான் முடியும். வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுக்கவும் வழியில்லை. பெண்கள் பக்கத்து வீடியோவில் ஆண் கண் படாது என்ற வாக்கில்தான் அஸீமாவின் தொழிலே ஓடுகிறது.

பின்னேரம் ஸகியாவே வந்து நின்றாள். கூட றுக்ஷானா. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வாசல் பக்கமாகக் கதிரையில் இருந்தாள்.

"வீடியோ முடிஞ்சிதா புள்ள?" என்றாள் ஸகியா.

அஸீமா பயோஸ், வால் எண், இருண்ட திரை, மௌத்தாகும் போர்ட் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே குழம்பியது. ஸகியா கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் விளங்கல்ல புள்ள. பூப் பறக்கிறதும் பாட்டுப் போடுறதும் எனக்கு என்னத்துக்கு? நீ எடுத்தத எடுத்தபடி இந்தக் கம்பியூட்டர் காட்டாதா?"

அஸீமா கம்பியூட்டரைத் திரும்பிப் பார்த்தாள். காட்டும். பழைய புரொசசரே தாராளமாகக் காட்டும். வெட்டி ஒட்டி முழுப் படமாக்குவதற்குத்தான் அது முக்கி முனகும். ஊரெல்லாம் கேட்டவள், இந்தத் தாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்கவில்லையே! "சரியான மடச்சி நான்" என்று தலையில் தட்டிக்கொண்டு, புதுப் புரொசசரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, எடுத்ததை எடுத்தபடியே ஓடவிட்டாள்.

யாருடையதோ முழங்கை, பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு, அழுகிற பிள்ளை. ஸகியா எல்லாவற்றுக்கும் சிரித்தாள். பிறகு மணப்பெண் அலங்காரம் வந்தது. திரையில் இருந்த றுக்ஷானா கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். "உம்மா போன்ல கோல் எடுத்தாவா?" என்று யாரிடமோ கேட்டாள். "இல்ல" என்றது ஒரு குரல். மை போட்ட கண் கலங்கியது. கலியாணப் படத்தில் அழுகை எதற்கென்று அஸீமா வெட்டி எறிய இருந்த துண்டு அது.

ஸகியா திரையைத் தொட்டாள்.

"அண்டைக்கி மெடம் என்ட போன வாங்கி அலுமாரில பூட்டிட்டா மகள்" என்றாள், திரையில் இருந்தவளைப் பார்த்து. "வீட்டுல விருந்து. ராவாகும் வரைக்கும் கோப்ப கழுவினன்."

உம்மா வந்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத றுக்ஷானா கதிரையை விட்டு எழும்பினாள்.

"இத ஏனும்மா நீங்க எனக்குச் செல்லல்ல?"

"நீ கேக்கல்லயே புள்ள."

றுக்ஷானா கதிரையை இழுத்து வந்து உம்மாவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல இருந்து போடுங்க ராத்தா" என்றாள். "ஆரார் வந்தெண்டு உம்மாக்கு நான் செல்லிக் காட்டணும்."