போன எலியும் வந்த எலியும்

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால். பானுப்பிரியா குளித்து, விளக்கேற்றி, கைபேசியைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். கைபேசிக்குள் தல்முத் இருந்தது.

யூதர்களின் வேத விளக்க நூல். உலகமெங்கும் தினம் ஒரு பக்கம், எல்லோரும் ஒரே நாளில் அதே பக்கம். முடிக்க ஏழரை வருஷம் ஆகும் என்று யோனதன் சொன்னார். அவளுடைய கம்பெனிக்கு வேலை கொடுக்கும் ஜெருசலேம்காரர். ஏழரை என்றதும் அவளுக்கு உடனே நம்பிக்கை வந்துவிட்டது. சனீஸ்வரனுக்குத் தெரியாமல் யாரும் அந்தக் கணக்கை வைத்திருக்க முடியாது.

அவளுக்குத் தெரிந்த முறை பாராயணம். எனவே வெண்பொங்கல் நைவேத்தியம் செய்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் ராகமாகச் சொன்னாள். எதிரே மாமியார் கமலம் கைகூப்பிக் கேட்டாள். மாடு முட்டினாலும் சரி, மாவு புளித்தாலும் சரி, முடிவில் "நல்லா கீதுமா" என்பாள்.

அவள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போக மார்ச் மாதம் அரக்கோணத்திலிருந்து வெள்ளானூர் ஃபிளாட்டுக்கு வந்தவள் கமலம். கொரோனா வந்து ரயிலை நிறுத்தியது. அன்று முதல் மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் விருந்தாளியானார்கள். தட்டில் கடைசி வடை மிஞ்சினால் "நீ துன்னுமா", "நீங்க சாப்பிடுங்க அத்தை" என்று இழுத்து, சாயங்காலம் அது காக்கைக்குப் போகும்.

போன வாரம் பெண்கள் லோக்கல் ரயிலில் போகலாம் என்று அறிவிப்பு வந்தது. கமலம் பையைக் கட்டிவிட்டாள். இன்று பட்டாபிராமில் பதினொரு மணி வண்டி.

"எத்தினி நாளு உனுக்குத் தொந்தரவு குடுக்கறது?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தை" என்றுதான் பானுவுக்கு வாயில் வந்தது. போகாதீங்க என்று வரவில்லை. இவள் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது புருஷன் அபிஷேக்கும் அவன் ஹெட்போனும்.

நேற்று யோனதன் கேட்டிருந்தார்: யாரோடு சண்டை போட்டுப் படிக்கிறாய்? கைகூப்பிக் கேட்கிறோம் என்று எழுதினாள். அப்படியானால் நீ இன்னும் படிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று பதில் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து இந்த வேதப் பேச்சைப் பேசினால்தான் நடுவில் தெய்வம் வந்து உட்காருமாம்.

"அத்தை, இன்னைக்கு நீங்க என்கூட சண்டை போடணும்."

கூப்பிய கை அப்படியே நின்றது. "நான் இன்னாமா தப்பு பண்ணேன்?"

"தப்பு இல்ல. வேண்டுதல் மாதிரி."

வேண்டுதல் என்றால் கமலம் அலகு குத்திக்கொண்டவள். "சரி, படி."

பானு படித்தாள். ஒரு பண்டிகை. புளித்த மாவுப் பண்டம் ஒரு துணுக்குக்கூட வீட்டில் இருக்கக் கூடாது. வீட்டைத் தேடித் துடைத்தாயிற்று. அப்போது வாயில் ரொட்டியோடு ஓர் எலி உள்ளே போகிறது. பிறகு வாயில் ரொட்டியோடு ஓர் எலி வெளியே வருகிறது. போன எலிதான் வந்ததா? வேறு எலி என்றால் முதல் ரொட்டி உள்ளேதான் கிடக்கும், வீட்டை மறுபடி தேட வேண்டும்.

"அதே எலிதான்" என்றாள் பானு.

"நீ சொன்னா சரிமா."

"அத்தை, வேண்டுதல்."

கமலம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அது எப்டி அதே எலியாவும்? ரொட்டி கெடச்ச எலி உள்ளயே குந்தினு துன்னும். இன்னாத்துக்கு வெளிய வருது?"

"யாராவது விரட்டியிருப்பாங்க."

"வெரட்னா ரொட்டியப் போட்டுட்டு இல்ல ஓடும்? நீ எலியப் பாத்துகிறியா? கம்ப்யூட்டர்ல பாத்திருப்ப."

"உங்க அரக்கோணத்து எலி போட்டுட்டு ஓடும். எல்லா எலியும் அப்படியா?"

"எலிக்கு இன்னாடி ஊரு!"

'டி' போட்டுவிட்டாள். பானுவுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வீட்டில் முதல் 'டி' அதுதான். ஒரு வாரமாக விளக்கேற்றிக் கண்ணை மூடியபோது வராதது, இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது போலிருந்தது.

"வெள்ளை எலி போயி கறுப்பு எலி வந்தா?" என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"கறுப்பு புடுங்கினு வந்துகீது!"

"எலி எலிகிட்ட பிடுங்காது!"

"நீ கண்ட!"

பொங்கல் ஆறிப்போனது, மணி ஒன்பதைத் தாண்டியது. உள் அறையில் மீட்டிங்கில் இருந்த அபிஷேக் ஹெட்போனைக் கழற்றினான். அம்மாவும் மனைவியும் கத்துகிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பயந்த நாள் வந்தேவிட்டது. கதவைத் திறக்கத் துணியாமல் திருவேற்காட்டுக்குப் போன் போட்டான்.

அம்மாவின் தம்பி பச்சையப்பன் பைக்கில் வந்து சேர்ந்தார். ஊரில் பல குடும்பப் பஞ்சாயத்தை முடித்தவர். மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கி நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கத்தாதீங்க. ஒவ்வொருத்தரா பேசுங்க. எலி யாருது?"

"யாருதும் இல்ல" என்றார்கள் இருவரும்.

"அப்பறம் இன்னாத்துக்கு சண்ட?"

சொன்னார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கீரிய உட்டுட்டீங்களே. கீரி எலிகிட்ட புடுங்குமா புடுங்காதா?"

"புடுங்குனா கீரி வாயில எலியும் இல்ல இருக்கணும்?" என்றாள் கமலம்.

"துன்ட்டுதுக்கா!"

"எலியத் துன்னுட்டு ரொட்டிய வச்சிகினு வருதா? நீ கீரியா இருந்தா எத்த மொதல்ல துன்னுவ?"

பஞ்சாயத்து அத்தோடு கலைந்து மூன்று கட்சியானது. கட்டிய பை வாசலருகே கிடந்தது. பதினொரு மணி வண்டி அரக்கோணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் ரயில் ஏற மாட்டேன்" என்றாள் கமலம். "பானு, கடேசில இன்னா போட்டுகீது பாரு."

பானு பக்கத்தைத் தள்ளிப் பார்த்தாள். கீரியும் இருந்தது. கீரி வாயில் எலியும் இருந்தது. எல்லாம் முடிந்த இடத்தில் 'நிற்கட்டும்' என்று ஒரே சொல். பெரியவர்களாலேயே தீர்க்க முடியாமல் விட்ட கேள்வி. முடிவே கிடையாது.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னும் போய்க்கினே இருக்கு அத்தை" என்றாள். வாழ்க்கையில் முதன்முறையாகப் போய்க்கினே என்றாள்.

"போவட்டும், போவட்டும்." கமலம் தட்டிலிருந்து பொங்கலை அள்ளி, யாரையும் உபசரிக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அறைக்கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அபிஷேக்கின் ஒரு கண் தெரிந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"வாடா" என்றாள் கமலம். "அம்மா ரெண்டு எலின்றேன், உன் பொண்டாட்டி ஒண்ணுன்றா. நீ யார் பக்கம்?"