கலப்பை திரும்பிய இடம்

கார்முகில் கலைந்து, கழுவிய பளிங்கெனக் காலை வானம் விளங்க, மாடங்களும் மதில்களும் மழைநீர் சொட்டி நின்ற நகரின் நெடுந்தெருவில், மூன்றடுக்காய் உயர்ந்த அகரமுதலி மனையைக் காணுங்கள், கற்றறிந்த நண்பரே. மேல்மாடத்தில் சொற்சீட்டுப் பேழைகள் தேனடையின் கண்களென நெருங்கியிருக்க, கீழ்த்தளத்தில் அச்சுப்பொறி மையுண்டு காத்திருந்தது. இலக்கியச் சொற்களின் இறுதிப் படிவம் நண்பகலுக்குள் அச்சேற வேண்டும்.

அப்படிவத்தில் செய்யுளைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் இருந்தது. அது கடல்கடந்து சென்ற நம் ‘வரிசை’யே என்று, பதினோராண்டு உழைத்த தொகுப்பாசிரியை சென்ற திங்கள் அறிஞர் அவையில் உரைத்தபோது, அவை எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. ஊர் அவர் பெயரை அறிந்தது அன்றுதான்.

இப்போது, மெய்ப்புத் திருத்துநர் ஒரு சீட்டுடன் அறைக்குள் நுழைந்து, கதவை மெல்லச் சாத்தினார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. ‘வெர்ஸ்’ நம்ம சொல் இல்ல. லத்தீன்ல, கலப்பை வயலோட ஓரத்துல திரும்புறதைச் சொல்ற சொல். உழவுச்சால் மாதிரியே எழுத்தும் வரி முடிஞ்சு திரும்புது பாருங்க, அதான்.”

“சபையில கை தட்டினப்ப எங்க போயிருந்தீங்கப்பா?”

“அங்கதான் இருந்தேன். ஏதோ இடிச்சது. ஆனா உறுதியாத் தெரியாம, அத்தனை பேர் முன்னாடி எப்படிக்கா வாயைத் திறக்கிறது?”

படிக்கட்டிலிருந்து அச்சுத் தலைவர் குரல் கொடுத்தார்: “அக்கா, தாள் ஏத்தியாச்சு! நாலாயிரம் பிரதி ஓடிடுச்சுன்னா சாமியே வந்தாலும் திருத்த முடியாது!”

சீட்டை இருமுறை படித்த ஆசிரியை, புகழும் மெய்யும் இருபுறம் ஈர்க்க, இறைவனை ஒருகணம் நினைந்து, பின் எழுந்தார்.

“நிறுத்துங்க!”

“திருத்தக் குறிப்புல உங்க பேர் வேணாமேக்கா. சத்தமில்லாம மாத்திடுறேன்,” என்றார் திருத்துநர்.

“சத்தமா மாத்தினாத்தாம்பா நாளைக்கு நம்மளை நம்புவாங்க.”

திருத்தக் குறிப்பில் பிழை செய்தவரும் திருத்தியவரும் ஒருசேர ஒப்பமிடுவது அம்மனையின் வழக்கம். மூத்தவர் பெயரே முதலில் நிற்கும். ஆனால் அன்று ஆசிரியை திருத்துநர் பெயரை முதலில் பொறித்து, ‘வரிசை என்று அவையில் யான் உரைத்தது பிழை’ எனத் தம் பெயரை அதன்கீழ் எழுதினார். அச்சுப்பொறியருகே ஈரம் உலராத முதல் தாளைக் கையில் வாங்கிய திருத்துநர், அக்குறிப்பையே திரும்பத் திரும்பப் படித்தார்.

“என்னப்பா, அதுலயும் பிழையா?” என்று ஆசிரியை கேட்க, கீழ்த்தளமே நகைத்தது.

பிறமொழியின் சொல்லைத் தன்னதென்று உரைத்து உயரவேண்டிய வறுமை தமிழுக்கு என்றும் இருந்ததில்லை. ஒருவர் முகம் வாடாமல் மெய் உரைக்கும் கனிவும், உரைத்த மெய்யைத் தலைமேல் ஏற்கும் துணிவும் தன் மக்களிடம் வாழும்வரை, அம்மொழி எவ்வவையிலும் நிமிர்ந்தே நிற்கும்.