வெங்காயத்தை விட்டவன்

என் மகன் ராகுல் வெங்காயத்தை விட்ட அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. வெங்காய சாம்பார் என்றால் சட்டியை வழித்துத் தின்கிற பயல், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இனிமே எனக்கு வெங்காயம், பூண்டு போடாதம்மா" என்றான். ஏன்டா என்று கேட்டால், "சும்மாதான்." சும்மாவாம்! பெஹாலாவில் வங்காளிகளுக்கு நடுவே பிறந்து, பக்கத்து வீட்டு மீன்குழம்புக்குக் கிண்ணம் நீட்டி வளர்ந்தவன், இருபத்தேழு வயதில் திடீரென்று பூண்டை விடுவானா?

வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்திடம் சொன்னேன். "விட்டா விடட்டுமே. உனக்கு உரிக்கிற வேலை மிச்சம்" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அந்த மனுஷனிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அவன் போனில் ஒரு பெயர் அடிக்கடி வந்தது. வித்யாலக்ஷ்மி. உடனே எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடிவிடுவான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஐயர் வீட்டுப் பெண்! அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போக இப்போதிருந்தே நாக்கைப் பழக்குகிறான். பெற்றவளிடம் ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை கைவிட்டுப் போகிறானே என்று வயிறு எரிந்தது.

சனிக்கிழமை, "வேலை இருக்கு" என்று கிளம்பினான். நானும் டாக்ஸி பிடித்துப் பின்னாலேயே போனேன். டாக்குரியாவில் ஒரு மாடிப்படி ஏறினான். நானும் ஏறிக் கதவைத் தள்ளினேன்.

"எவ அந்த வித்யாலக்ஷ்மி? என் புள்ளைய மயக்கி வெங்காயத்த விட வச்சவ எவ?"

உள்ளே நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். சுவரில் பெரிதாக ஒரு குடல் படம். உள்ளறையிலிருந்து வந்த பெண்ணுக்கு என் வயதிருக்கும். "நான்தான். டயட்டீஷியன். உக்காருங்கோ" என்றாள்.

ராகுலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு இரிட்டபிள் பவல்மா. குடல் கோளாறு. ரெண்டு வருஷமா வயித்து வலி, சும்மா சும்மா பாத்ரூம். டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கொஞ்ச வாரம் வெங்காயம், பூண்டெல்லாம் நிறுத்திட்டு, அப்புறம் ஒவ்வொண்ணா சேத்துப் பாக்கணும். எது ஒத்துக்கலன்னு அப்பதான் தெரியும்."

"ரெண்டு வருஷமாவா? பெத்தவகிட்ட ஏன்டா மறைச்ச?" என்று கத்தினேன்.

"சாப்பாடு மட்டும் இல்லம்மா. பதட்டமானாலும் கலங்கிடும். வீட்ல யாராவது சத்தம் போட்டா..." முடிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினான்.

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். எந்தப் பெண்ணிடமும் அவன் ஓடவில்லை. இரண்டு வருஷமாக என் பிள்ளை என்னிடமிருந்துதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறான்.