பட்டுடுத்திய வியாழக்கிழமை

யோகாவின் வான் வண்டிக்கு இருபத்தொரு வயது. மனுசருக்கென்றால் கலியாணம் பேசுகிற வயது. வானுக்கோ அது சாகிற வயது. பக்கக் கதவை உள்ளேயிருந்து உதைத்தால்தான் திறக்கும். மழை பெய்தால் பின் சீற்றில் இருப்பவர் குடை பிடிக்க வேண்டும். மார்ச் மாதம் மெக்கானிக் அதன் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி வந்து, “ஜூனில் இதை என்னிடம் கொண்டுவராதே. அடிச்சட்டம் முழுக்கத் துரு. பிங்க் ஸ்லிப் தரமாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அந்தத் துண்டு இல்லாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. பதிவு இல்லாத வாகனம் சிட்னி ரோட்டில் உருளக்கூடாது. ஜூன் முப்பதோடு வானின் கதை சரி.

வானின் கதை மட்டும் என்றால் யோகாவும் போனால் போகுது என்றிருப்பாள். அது வியாழக்கிழமை வான். அவள் வேலை செய்த கோழி இறைச்சித் தொழிற்சாலை மூடியபோது கிடைத்த காசில் வாங்கியது. எட்டு வருடமாக ஒவ்வொரு வியாழனும் காலை எட்டரைக்குக் கிளம்பி, ஒன்பது வீடுகளில் ஒன்பது வயதானவர்களை ஏற்றி, தமிழ்ச் சங்கத்தின் நார்த்மீட் மண்டபத்தில் கொண்டுவந்து இறக்குவாள். சோறு, பருப்பு, ஒரு கறி, அப்பளம். பிறகு சீட்டு விளையாட்டு, ஊர்வம்பு, ஒரு சின்னத் தூக்கம். மூன்று மணிக்குத் திரும்ப ஏற்றிவிடுவாள்.

அந்த ஒன்பது பேரும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், இவர்கள் மிஞ்சிவிட்டார்கள். காலை ஏழரைக்கு வீடு காலியானால் மாலை ஆறரைக்குத்தான் ஆள் வரும். ஐந்து படுக்கையறை, இரண்டு ஹால், பேச ஒரு நாதி கிடையாது. காரோட்டத் தெரியாதவனுக்கு அந்தப் புறநகர்களில் வாசலுக்கு வெளியே ஊரும் இல்லை, உலகமும் இல்லை.

பார்த்தசாரதி மன்னார்குடிப் பக்கம் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. மனைவி இங்கே வந்த இரண்டாம் வருடமே போய்ச்சேர்ந்துவிட்டாள். ஸ்கோஃபீல்ட்ஸில் மகன் சஞ்சய் வீட்டில் இருக்கிறார். வாரம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் வியாழன் ஒரே நாளில் பேசித் தீர்ப்பார். வானில் ஏறி பெல்ட் போடுமுன்னமே தொடங்கிவிடுவார். ஒருநாள் சிரித்துக்கொண்டே, “யோகாம்மா, இந்த வண்டி மட்டும் இல்லேன்னா என் குரலே எனக்கு மறந்துபோயிடும்” என்றார். யோகாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல ஒரு மின்சாரக் கம்பனி வந்தது. வருடா வருடம் சமூகம், கலாச்சாரம், சுற்றுச்சூழல் என்று மூன்று வகையில் ஊர்ப் பணிகளுக்கு நிதி கொடுக்கிற கம்பனி. சங்கத் தலைவர் ஸ்ரீகாந்த் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. மேனேஜர், நல்ல மனுசன், தட்டினால் ஓடிவருவார். தனித்துப்போன முதியவர்கள், ஒரு புதிய வான் என்று எழுதியதைப் படித்து யோகாவுக்கே கண் கலங்கியது. ஏப்ரலில் பதில் வந்தது. கடைசி மூன்று பேரில் நீங்களும் ஒருவர், மே மாதம் ஒரு வியாழக்கிழமை நேரில் வருகிறோம், விசேஷமாக எதுவும் செய்யவேண்டாம், வழக்கமான ஒரு நாளைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

வழக்கமான நாளாம்! விருந்தாளி வருகிறான் என்றால் தமிழனுக்கு அது எப்படி ஐயா வழக்கமான நாளாகும்?

ஸ்ரீகாந்த் அன்று மாலையே யோகாவின் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஆன்ட்டி, ஒன்பது பேரை உட்காரவச்சு பருப்பும் சோறும் காட்டினா என்ன நினைப்பாங்க? இதெல்லாம் ஒரு சங்கமான்னு போயிடுவாங்க. கூட்டத்தைக் காட்டணும். நான் மெசேஜ் போட்டாச்சு, நூறு பேராவது வருவாங்க.”

“தம்பி, அவை கூட்டத்தைப் பாக்க வரேல்லை. வான் இல்லாட்டி வீட்டுக்குள்ள கிடந்து சாகிற சனத்தைப் பாக்க வருகினம்.”

“அது ஃபார்ம்ல எழுதியாச்சு ஆன்ட்டி. நேர்ல நம்ம மரியாதையும் தெரியணும்ல? எல்லாரும் பட்டுல வரச் சொல்லியிருக்கேன்.”

“பட்டோ? விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுற கதையா எல்லோ கிடக்கு!”

ஸ்ரீகாந்த் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, “அப்புறம்... வண்டியை மட்டும் அன்னைக்கு ரெண்டு தெரு தள்ளி நிறுத்திடுங்களேன். வாசல்ல நின்னா ஒரு மாதிரியா இருக்கும்” என்றார்.

யோகாவுக்கு உச்சி கொதித்தது. “வான் வேணுமெண்டு கேக்கிறதும் நீங்கள், வானை ஒளிக்கச் சொல்லுறதும் நீங்களோ?” என்று அரை மணி நேரம் ஏசினாள். அவர் போனபிறகு, அவர் இருந்த கதிரைக்கும் ஏசினாள்.

இந்த இடத்தில் யோகாவையும் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். அவ்வளவு ஏசியவள், அந்த வியாழக்கிழமை காலை அலுமாரியைத் திறந்தபோது கை எங்கே போனது? வழக்கமாகப் போடுகிற கம்பளிச் சட்டைக்குப் போகவில்லை. மகன் கஜீவனின் பட்டமளிப்புக்கு உடுத்த மெரூன் பட்டுக்குத்தான் போனது. வெள்ளைக்காரர் வந்து பார்க்கிற நாளில் எல்லாரும் மினுங்க, நான் மட்டும் வேலைக்காரி மாதிரி நிற்கிறதா என்று மனது கேட்டது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது சும்மாவா? வானையும் இரண்டு தெரு தள்ளி, ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் வந்தாள்.

மண்டபம் கலியாண வீடாகிக் கிடந்தது. வாசலில் குத்துவிளக்கு, பன்னீர், கற்கண்டு. கார் நிறுத்துமிடத்தில் ஒன்றை ஒன்று முந்துகிற கார்கள். நூற்றிருபது பேர் வந்திருந்தார்கள், பாதிப் பேர் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு. பிரியாணி, வடை, கேசரி என்று பதினெட்டுத் தட்டு. வழக்கமான ஒன்பது பேரும் மூலையில், தங்கள் மேசையை யாரோ பூ வைக்க எடுத்துவிட்டதால், சுவரோரம் வரிசையாக இருந்தார்கள். அவர்களும் சும்மா வரவில்லை. பார்த்தசாரதி ஜரிகை வேட்டியும் மகன் வாங்கிக்கொடுத்த புதுக் கோட்டும் போட்டிருந்தார்.

கம்பனியிலிருந்து மேகன் என்ற பெண்ணும், கமெராவோடு ஒரு இளைஞனும் வந்தார்கள். மேகனுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். அவள் நல்லவள், கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள், கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள். பிறகு, “அந்தப் பழைய வானைப் பார்க்கலாமா?” என்று கேட்டாள்.

“சர்வீஸுக்குப் போயிருக்கு” என்றார் ஸ்ரீகாந்த், கண்ணை மூடித் திறப்பதற்குள்.

மேகன் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போனாள். பார்த்தசாரதிக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் அவர் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். யோகா பின்னால் நின்றாள். இதுதான் நேரம், ஐயா, வாயைத் திறவுங்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

“வியாழன் தவிர மற்ற நாள்களில் வீட்டில் தனியாக இருப்பீர்களா?” என்று கேட்டாள் மேகன்.

பார்த்தசாரதி நிமிர்ந்து உட்கார்ந்தார். “தனியாகவா? இல்லவே இல்லை. என் மகன் மிகப் பெரிய வேலையில் இருக்கிறான். ஐந்து படுக்கையறை வீடு. இரண்டு கார். எங்கே போக வேண்டுமென்றாலும் அவனே கொண்டுபோய் விடுவான். எனக்கு ஒரு குறையும் இல்லை.”

அடுத்திருந்த அம்மாவும் தன் மகளைப் பற்றி அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அப்படியே. ஒன்பது பேரும், ஒருவர் சொன்னதற்கு மேலே ஒரு படி போட்டுத்தான் சொன்னார்கள். முன்பின் தெரியாத வெள்ளைக்காரியிடம் பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்ல எந்தத் தாய்க்கு, எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

மேகன் யோகாவின் பக்கம் திரும்பினாள். “நீங்கள்? தனியாக வசிக்கிறீர்கள் என்று விண்ணப்பத்தில் இருந்ததே.”

“ஓம், தனியத்தான்” என்று தமிழிலேயே தொடங்கிய யோகா, ஒரு கணம் நின்று, இங்கிலீஷுக்கு மாறினாள். “ஆனால் என் மகன் மெல்பேர்னில் எஞ்சினியர். ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான்.”

கஜீவன் கடைசியாக எடுத்தது தைப்பொங்கலுக்கு.

ஜூன் நடுவில் கம்பனியின் கடிதம் வந்தது. இவ்வளவு வலுவான, வசதியான, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்கிற ஒரு சமூகத்தைப் பார்த்ததில் மகிழ்ச்சி. தேவை கூடிய பணிகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டியிருப்பதால் இந்த வருடம் உதவ முடியவில்லை. நிதி ஒரு தேனீ வளர்ப்புத் திட்டத்துக்குப் போயிருந்தது.

“தேனீயளாவது பொய் சொல்லியிராது” என்றாள் யோகா.

ஸ்ரீகாந்த் நிசமாகவே அழுதுவிட்டார். அழுத கையோடு ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்; வான் இல்லாவிட்டால் என்ன, அன்று வந்த நூற்றிருபது பேரில் ஆளுக்கொரு வியாழன் காரோட்டினால் போதாதா? போதும்தான். முதல் வாரம் ஐந்து கார் வந்தது. இரண்டாம் வாரம் இரண்டு. மூன்றாம் வாரம் ஒருவருக்கு மீட்டிங், ஒருவருக்குப் பிள்ளையின் நீச்சல், மற்றவர்களிடமிருந்து கும்பிடுகிற கைப் படங்கள். வியாழக்கிழமையில் வேலை இல்லாதவனுக்கு இந்த ஊரில் கார் எங்கே இருக்கிறது? ஜூலை கடைசியில் சங்கம் மண்டபத்தை யோகாசன வகுப்புக்கு வாடகைக்கு விட்டது. வானைப் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போனான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, மனசு கேட்காமல், யோகா இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்து ஸ்கோஃபீல்ட்ஸ் போனாள். இரண்டு மணி நேரப் பயணம். மணி அடித்ததும் கதவு திறந்தது, ஏதோ கதவுக்குப் பின்னாலேயே நின்றது போல. பார்த்தசாரதி இஸ்திரி போட்ட சட்டையும் காலில் சப்பாத்துமாக நின்றார்.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இரண்டு தரம் செருமினார். பிறகுதான், கரகரவென்று, “வாங்கம்மா” என்று வந்தது.

“எங்கேயும் வெளிக்கிடுறியளோ ஐயா?”

“இல்ல. வியாழக்கிழமையாச்சே. டிரஸ் பண்ணிப் பழகிடுச்சு.”

குசினியில் தேத்தண்ணி போட்டார். பிரிட்ஜ் கதவில், மின்சார பில்லோடு வந்த வழுவழுப்பான தாளொன்று காந்தத்தால் ஒட்டி நின்றது. ‘நாம் கொண்டாடும் சமூகங்கள்’ என்ற தலைப்பின் கீழே நார்த்மீட் மண்டபம், குத்துவிளக்கு, மெரூன் பட்டில் பல்லெல்லாம் தெரிய யோகா, பக்கத்தில் புதுக் கோட்டில் பார்த்தசாரதி. நிதி கொடுக்காவிட்டாலும் படத்தைப் போட்டுவிட்டார்கள்.

“சஞ்சய்தான் ஒட்டினான். அப்பாவுக்கு எவ்வளவு ஃப்ரெண்ட்ஸ் பாருன்னு பசங்ககிட்ட காட்டினான். ரொம்ப சந்தோஷம் அவனுக்கு. வண்டி நின்னதைச் சொல்லலை. எதுக்கு?”

அடக்கிவைத்ததெல்லாம் யோகாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. “ஐயா, அண்டைக்கு அந்தப் பெட்டை கேக்கேக்க ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருந்தா இண்டைக்கு வான் வாசல்ல நிண்டிருக்கும். ஏன் ஐயா சொல்லேல்லை?”

அவர் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். “எம்புள்ளை என்னைக் கவனிக்கலைன்னு ஊரான்கிட்ட சொல்லியா எனக்கு வண்டி வாங்கணும்?”

“சரி, அவள் நாளைக்குத் திரும்ப வந்து கேட்டா?”

“அதையேதான் சொல்லுவேன். நீங்க என்ன சொல்லுவீங்க யோகாம்மா?” என்றார்.

யோகா பிரிட்ஜில் சிரித்துக்கொண்டிருந்த பட்டுச்சேலைக்காரியைப் பார்த்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

“நானும் அதைத்தான் சொல்லுவன்.”

அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் நிற்கவேண்டும் என்று மூன்று மணிக்கு எழும்பினாள். அவர் வாசலில் நின்று, அவள் தெரு திரும்பும் வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இனி எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டு அவளைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதை.

பஸ் தரிப்பில் ஒரு குருவியும் இல்லை. யோகா கைப்பையிலிருந்து போனை எடுத்து, கஜீவனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டேயிருந்து, கடைசியில் அவனுடைய பதிவுக் குரல் வந்து, செய்தியைச் சொல்லுங்கள் என்றது. அவள் இரண்டு தரம் செருமிக்கொண்டாள்.

“தம்பி, அம்மா கதைக்கிறன். ஒண்டும் இல்லை, சும்மா எடுத்தனான். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் நல்லா இருக்கிறன்.”