தட்டிக்கொண்டே இருந்த போன்

என் கணவர் நவரட்ணராஜா உட்கார்ந்தால் தூங்குவார். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அங்கே சத்தம் போடக்கூடாது என்ற சட்டத்தை அவருக்காகவே போட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். அவருடைய புதுப் போனுக்கு புளூடூத்தில் ஒரு பெயர் வைக்க வேண்டி வந்தபோது, ஆங்கில எழுத்தில் 'தூங்குமூஞ்சி' என்று அடித்தவள் நான்தான். என்னுடையதற்கு அவர் 'தேவி' என்று வைத்தார். சரோஜினிதேவியில் அவருக்குப் பிடித்த பாதி அது.

2008ஆம் வருடம். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்தது. கண்டி பஸ்களிலோ எல்லாரும் புளூடூத்தில் பாட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் திறந்தால் மூடுகிற வழக்கம் ஒருவருக்கும் இல்லை. அப்படித்தான் அவர் போனுக்கு ஒரு வைரஸ் தொற்றியது. அதன் பிறகு ஒரே அறையில் இருந்தால் போதும், என் போன் கேட்கத் தொடங்கிவிடும்: 'தூங்குமூஞ்சி ஒன்று அனுப்புகிறது, ஏற்கவா?' இல்லை என்ற பொத்தானை அமத்தினால் மறுபடியும் கேட்கும்.

"இந்தக் கரைச்சலை நிப்பாட்டுங்கோவன் அப்பா!" என்று அவரிடம் கத்துவேன்.

"நீர் ஒருக்கா ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்பார், கண்ணைத் திறக்காமலே.

சந்தைக்குப் பின்னால் போன் திருத்தும் நஸீமிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன். "போனை உள்ளுக்குள்ள இருந்து நடத்துற மென்பொருள்ல ஒரு ஓட்டை இருக்கு மிஸ்," என்றார் நஸீம். "அதால பூந்துட்டா, கிட்ட இருக்கிற போனையெல்லாம் தட்டிக்கிட்டே இருக்கும். அந்தப் பக்கம் சரின்னு அமத்தினா அதுக்கும் தொத்தும். தூரப் போனா நிக்கும். வச்சிட்டுப் போங்க, துடைச்சுத் தாறேன்."

"நாளைக்குக் கொண்டு வாறன்," என்றார் என் மனிதர்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் பேராதனைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவரை யாரோ ஒரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்ட இடமெல்லாம் அப்படி ஒரு ஆளே இல்லை என்றார்கள். அவருடைய நம்பரும் செத்துவிட்டது. என் போன் கரைச்சல் இல்லாமல் கிடந்தது. அந்த அமைதியை நான் வெறுத்தேன். புளூடூத்தை மட்டும் மூட மனம் வரவில்லை.

பல மாதம் கழித்து, ஒரு மழை மாலை. பல்கலைக்கழக அலுவலகத்தில் என் வேலை முடிந்து கண்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஹந்தானை மலை முகிலுக்குள் போய்விட்டது. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, பஸ் எங்கேயோ மிதந்துபோவது போல இருந்தது. எனக்கும் கண் சொருகியது. மடியில் போன் நடுங்கியது. 'தூங்குமூஞ்சி ஒன்று அனுப்புகிறது, ஏற்கவா?'

கனவென்று நினைத்து 'இல்லை' என்று அமத்தினேன். மறுபடியும் கேட்டது. கனவில் இவ்வளவு பிடிவாதம் இராது. நிமிர்ந்து பார்த்தேன். குடைகளும் ஈரத் தலைகளுமாக பஸ் நிறைந்த சனம். யாருடைய பையில்? வாவிக்கரையில் சிலர் இறங்கினார்கள். போன் அடங்கிவிட்டது.

அடுத்த நாளும் அதே பஸ், அதே தட்டல். நான் இல்லை, இல்லை என்று அமத்திக்கொண்டே வந்தேன். வீட்டில் அவரோடு இருப்பது போலவே இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

நஸீமிடம் ஓடினேன். "போன் இருக்குன்னா ஆள் இருக்கார்னு அர்த்தமில்ல மிஸ்," என்றார் அவர், என் முகத்தைப் பாராமல்.

"அது எனக்குத் தெரியாதோ? என்ர போனுக்கும் தொத்தினா என்ன நடக்கும், அதைச் சொல்லுங்கோ."

"உங்கட போன் அந்தப் போனைத் தட்டும். வச்சிருக்கிறவர் எடுத்துப் பார்ப்பார். நீங்க அவரக் காணலாம். ஆனா உங்கட பேரும் அவருக்குத் தெரிஞ்சிரும். யாரோ எவரோ. வேணாம் மிஸ்."

மறுநாள் பஸ்ஸில் போன் கேட்டது. ஓம் என்றேன். திறக்கவா என்றது. ஓம். பதியவா என்றது. அதற்கும் ஓம். இத்தனை ஓமை நான் கலியாணத்திலும் சொல்லவில்லை.

இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு நரைத்த மனிதர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். என் கணவருடைய போன்தான். மூலையில் இருந்த வெடிப்பு நான் தரையில் எறிந்ததால் வந்தது. மனிதர் திரையைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் இருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வை என் கையிலிருந்த போனில் வந்து நின்றது.

பக்கத்து இருக்கை காலியானதும் வந்து அமர்ந்தார்.

"தேவி?" என்றார் மெதுவாக.

"ஓம்."

யாரும் கவனிக்கிறார்களா என்று பின்னால் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "என் மகளின் போனில் இந்தப் போனுக்கு ஒரு பெயர் விழுகிறது. தமிழ்ச் சொல்லாம். தூங்குமூஞ்சி என்றால் என்ன?"

"எந்த நேரமும் நித்திரை கொள்ளுகிற ஆள்," என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில்.

அவர் வாய்க்குள் சிரித்தார். "சரியான பெயர். நான் காவல் நிற்கிற இடத்திலும், இந்தப் போன் யாருடையதோ அந்த மனுசனுக்கு அதே வேலைதான். குறட்டையில் மற்றவர்களுக்குத் தூக்கம் இல்லை. நேற்றும் அதற்காகச் சண்டை."

"நேற்றுமா?"

"நேற்றும்," என்று எழுந்தார். "என்னிடம் வேறொன்றும் கேட்காதே."

வாவிக்கரையில் இறங்கிப் போனார். பஸ் நகரும்வரை என் போன் தட்டிக்கொண்டே இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சிரித்தேன். அந்தக் குறட்டைக்காக எத்தனை நாள் அவரை வெளி அறைக்குத் துரத்தியிருப்பேன்.