அண்ணன் வண்டிச் சாமான்

மாட்டு வண்டியிலிருந்து அண்ணன் கண்ணுசாமியை இறக்கும்போது உடையப்பன் கால் பக்கம் பிடித்தான். தலைப்பக்கம் பிடிக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். துணியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாகல்நகரில் அந்தத் தெரு முழுக்க வாசலில்தான் நின்றது. அழத்தான் வந்திருந்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் அழுகையோடு அழுகையாக எல்லார் கண்ணும் ஒருமுறை மாட்டு வண்டியைப் பார்த்தது. பிறகு எதிர்ச்சாரியில் தகரக் கொட்டகைக்குள் நின்ற உடையப்பனின் காரைப் பார்த்தது. மறுபடி மாட்டு வண்டிக்கே வந்து சேர்ந்தது.

முதலில் வாயைத் திறந்தவள் சிவனம்மாள். மூன்று வீடு தள்ளி இருக்கிறவள். எதையும் நேராகக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கல்யாண வீடு என்றால் சிரிப்புக்குள் வைத்துக் கேட்பாள், இழவு வீடு என்றால் ஒப்பாரிக்குள் வைத்துக் கேட்பாள்.

“ரெண்டு காரு வச்சு ஆண்ட என் ராசா, உனக்கு ரெண்டு மாடா வந்து வாச்சுச்சு...”

“வண்டி ஓடல அத்தை. பின்னாடி கிரவுன் போயிருச்சு” என்றான் உடையப்பன்.

ஒப்பாரிக்குப் பதில் சொன்ன ஆண்பிள்ளையை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

“அதானப்பு” என்று சிவனம்மாள் மூக்கைச் சிந்தினாள். “முந்தாநாத்து ஆயக்குடிக்குப் பொண்ணு மாப்பிள்ளைய ஏத்திட்டுப் போகையில நல்லாத்தானே போச்சு. என்ன கண்ணு பட்டுச்சோ.”

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு ஹில்மன் கார். கொடைக்கானலில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவனிடம் ஒரே நாளில் ஜோடியாக வாங்கியவை. அண்ணனுடைய வண்டி ஸ்டேஷனுக்கும் பழனிக்கும் ஓடியது. கல்யாணமாகாத தம்பிக்குக் கல்யாணச் சவாரி. ரெட்டியார்சத்திரத்திலிருந்து பாலசமுத்திரம் வரை, தோட்டந்துரவுக்காரர்கள் வீட்டில் நிச்சயம் முடிந்ததும் முதல் வேலை உடையப்பனுக்குச் சொல்லியனுப்புவதுதான். அந்த வண்டியில் ஏறிப்போன பெண் கண் கலங்கித் திரும்பி வந்ததில்லை என்று ஒரு பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அவன் பட்ட பாடு தெருவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் ஏற்ற வரச்சொன்னவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறான். பிணம் ஏறிய வண்டியில் எந்தப் பெண்ணைப் பெற்றவன் மகளை ஏற்றுவான்?

கிரவுன் கெட்டது பொய்யல்ல. பின்சக்கரங்களைச் சுழற்றுகிற அந்தப் பல்சக்கரம் தேய்ந்து, வண்டி கிளம்பினால் சீட்டுக்கடியில் கடுவன் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். சீமைச் சாமான் வரத்து நின்றுபோன காலம். மெட்ராசிலேயே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாளில் பல் உடைந்து நட்டநடு ரோட்டில் நிற்கப்போவது நிச்சயம். ஆனால் காலையில் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி, “உங்கிட்டதான் வண்டி இருக்கே” என்று கேட்டபோது அது ஓடக்கூடிய வண்டிதான்.

சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார்கள். கண்ணுசாமிக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். தம்பிதான் மொட்டையடித்துக் கொள்ளி வைத்தான். குளித்துவிட்டு ஈரவேட்டியோடு திரும்பி வந்தபோது, தகரக் கொட்டகையின் நிழலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பவுல்ராஜ், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதம் மதிப்பிடுகிறவர், மதுரைக்காரர். மற்றவன் மைதீன் பிச்சை. பேகம்பூரில் உடைந்த வண்டிகளை வாங்கிச் சாமான் சாமானாகக் கழற்றி விற்பவன்.

“இந்த நேரத்துல வந்து நிக்கக்கூடாது தம்பி” என்றார் பவுல்ராஜ். “ஆனா நான் ரயிலுக்குப் போகணும். மரத்துல முட்டுன உங்க அண்ணன் வண்டிய நேருல பாத்துட்டேன். இனி சரிபண்ண முடியாது. முழு நஷ்டம்னுதான் எழுதப்போறேன். தொகை உங்க அண்ணன் சம்சாரத்துக்கு வந்துரும். ஒடஞ்ச வண்டி கம்பெனியைச் சேரும். வண்டி எங்களுக்கே வேணும்னு நீங்க சொன்னா, அதுக்குண்டானதக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தத் தருவாங்க.”

“வேணாம்னா?”

“வேணாம்னா கம்பெனிகிட்டருந்து எனக்கு வரும்” என்றான் மைதீன் பிச்சை. “ரோட்டோரத்துலயே பிரிச்சுத் திருச்சிக்கு லாரி ஏத்திருவேன் அப்பு. அப்பறம் வந்து, பாயி, கிரவுன் குடு, பாயி, கிரவுன் குடுன்னு நிக்கக்கூடாது.”

“பின்னாடி எப்பிடி இருக்குன்னு...”

“எங்கிட்ட கேக்குறியா? நேத்தே நீ குனிஞ்சு பாத்தீல்ல.”

பவுல்ராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

உடையப்பன் குனிந்து பார்த்தது உண்மைதான். நேற்று மத்தியானம் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடிவர, அதற்காக அண்ணன் ஒடித்த கார் புளியமரத்தில் போய் முட்டியது. செய்தி கேட்டு சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு போனான் உடையப்பன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. அண்ணனை மரத்துக்கு அந்தப்புறம் படுக்கவைத்துப் போர்த்தியிருந்தார்கள். மரத்தைச் சுற்றிப் போவதற்கு முன்னால் அவன் குனிந்தான். ஒரே ஒரு தடவை. பின் அச்சு, கிரவுன் கூடு எல்லாம் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தன. நல்லவேளை என்று மனசுக்குள் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மரத்தைச் சுற்றிப் போனான். சுற்றி நின்ற கூட்டத்தில் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தான். கூட்டம் கவனிக்காவிட்டாலும் பழைய இரும்புக்காரன் கவனிப்பான்.

“வண்டி அவங்க புருசன் பேர்ல இருக்கு. அந்தம்மா ஒரு வார்த்த சொல்லணும்” என்றார் பவுல்ராஜ்.

வீட்டுக்குள் பெண்கள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்து, யார் வரவில்லை என்கிற கணக்கை எடுக்கத் தொடங்கியிருந்த நேரம். நடுவில் கண்ணுசாமியின் சம்சாரம் ஜக்கம்மாள். சின்னவள் அவள் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.

“மதினி, செத்த நேரம் பின்னாடி வாங்க.”

பேச்சு நின்றுவிட்டது. புருசனை எரித்த ஈரம் காயவில்லை, கல்யாணமாகாத கொழுந்தன் கொல்லைப்பக்கம் கூப்பிடுகிறான். சிவனம்மாளின் புருவம் ஏறியது. ஏறியது அப்படியே நின்றது.

ஜக்கம்மாள் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். கிணற்றடியில் நின்று, அவன் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

“காலையிலருந்து ஒண்ணுமே சாப்டலல்ல? பக்கத்து வீட்டுல குடுத்த சோறு இருக்கு. தொட்டுக்க வெஞ்சனம்தான் இல்ல.”

எத்தனையோ வருசமாக அவன் அவள் கையால்தான் சாப்பிடுகிறான். அதை இப்போது ஞாபகப்படுத்த வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

கல் தொட்டியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். கம்பெனி, கழிவு, மைதீன் பிச்சை, எல்லாவற்றையும் சொன்னான். “வர்ற தொகையில கொஞ்சம் கொறையும் மதினி. ஆனா என் வண்டி நின்னுபோச்சுன்னா அப்பறம் ரெண்டு பிள்ளைகளுக்கும் யாரு...” என்று தொடங்கி, பிள்ளைகளைச் சாக்கு வைப்பது தனக்கே கேட்கப் பொறுக்காமல் நிறுத்தினான்.

“அந்தச் சாமானப் போட்டா உங்க வண்டி ஓடுமா?”

“ஓடும் மதினி. அது பாட்டுக்கு ஓடும்.”

“இப்ப ஓடாதா?”

கிணற்றுக்குள் ஒரு தவளை குதித்தது.

“மெதுவாப் போனா... ஓடும்.”

ஜக்கம்மாள் தலையாட்டினாள், ஏதோ விலை கேட்டுத் தெரிந்துகொண்டவள் போல. குரலை உயர்த்தவில்லை.

“பெரியாஸ்பத்திரி அம்புட்டுத் தூரமா, கொழுந்தனாரே?”

“கல்யாணச் சவாரி போயிரும் மதினி. பிணம் ஏத்துன வண்டின்னு...”

“தெரியும்.” முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். “அவரத்தான் ஏத்தல. அவரு வண்டியயாச்சும் ஏத்திக்கங்க. வேணும்னு சொன்னேன்னு சொல்லிருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். போகிற போக்கில் அடுப்படியில் தட்டை எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

மற்றதெல்லாம் மைதீன் பிச்சை பார்த்துக்கொண்டான். ஊர் பார்க்க, தான் வாங்கியது போலவே உடைந்த வண்டியை அவன் பேகம்பூருக்கு இழுத்துப் போனான். கருமாதி முடிந்த மறுநாள் விடியக்காலம், உறுமிக்கொண்டே உடையப்பனின் வண்டியும் அவன் கொட்டகைக்குள் போனது. அண்ணன் வண்டியில் கிரவுனைக் கழற்றித் தம்பி வண்டியில் மாட்டினார்கள். மிச்ச இரும்பு மைதீனுக்குக் கூலி. வாய் திறக்கமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்தான். வியாபாரம் கெடும் என்பதால் அந்தச் சத்தியத்தை நம்பலாம்.

வண்டி திரும்பிவந்தபோது சத்தமே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. சத்தம் கேட்டால் சும்மா இருக்கிற தெரு, சத்தம் கேட்காவிட்டால் எழுந்து வந்து பார்க்கும்.

அன்று மத்தியானம் உடையப்பன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தான். ஜக்கம்மாள் உள்வாசல்படிக்கு அருகே சுளகை வைத்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிவனம்மாள் உள்ளே வந்தாள். மகளுக்குப் பாலசமுத்திரத்தில் இடம் அமைந்துவிட்டது, வண்டி உறுதி பண்ண வந்திருக்கிறாள். வந்தவள் முதலில் அதைச் சொல்லவில்லை.

“ஏலே உடையப்பா, வண்டி பாலு மாதிரி போகுதே. எங்கயுமே கெடைக்காத சாமான்னியே?”

உடையப்பன் ஈரக்கையை வேட்டியில் துடைத்தான்.

“இல்ல, நாளைக்கு என் மக ஏறி உக்காரப்போறவ. எந்த வண்டிச் சாமானோ, யாரு உசிரு போன சாமானோன்னு எனக்குத் தெரியணும்ல? தப்பா நெனச்சுக்காத.” அவள் உடையப்பனிடம் கேட்டாளே தவிர, கண் ஜக்கம்மாள் மேல் இருந்தது.

அவன் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

சுளகு ஒரு தடவை நின்றது.

“மெட்ராசுலருந்து வந்துச்சு” என்றாள் ஜக்கம்மாள். “அவரு இருக்கையிலயே தம்பி வண்டிக்குன்னு எழுதிப் போட்டிருந்தாரு. இப்பத்தான் பார்சல் வந்துச்சு.”

“அப்பிடிச் சொல்லு ஆத்தா!” சிவனம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மவராசன், போனப்பறமும் தம்பிக்குச் செஞ்சிருக்கான் பாரு.”

முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலை பாக்கை அவிழ்த்தாள். நல்ல காரியத்துக்கு வைக்கிற வெற்றிலை. இடையில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டித்தான் உடையப்பனிடம் கொடுத்தாக வேண்டும். சிவனம்மாள் கையை நீட்டுவதா வேண்டாமா என்று தயங்கினாள்.

அவள் தயங்குவதைப் பார்த்ததும் ஜக்கம்மாளே சுளகைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அடுப்படி இருட்டுக்குள் போய் முதுகு காட்டி உட்கார்ந்து வழிவிட்டாள்.

உடையப்பன் இரண்டு கையையும் நீட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டான். உள்ளே மறுபடி அரிசி புடைக்கிற சத்தம் கேட்டது.